தடையில்லாச் சான்று

ஜூலை 12, சனி

மத்தியானம் பெரியம்மா மகன் போன் செய்தான். தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் எடுக்கிறான். "அக்கா, வெளிநாட்டு யுனிவர்சிட்டி ஒண்ணு ஆன்லைன்லயே பிஎச்.டி. தர்றாங்களாம். ஹையர் எஜுகேஷன் லீடர்ஷிப். ஞாயித்துக்கிழமை மட்டும் கிளாஸ், வேலையை விட வேண்டியதில்ல. சேரவா?"

சேராதே என்றேன். காரணத்தையும் சொன்னேன். 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிமுறை தொலைநிலையிலோ ஆன்லைனிலோ முனைவர் பட்டம் நடத்தக் கூடாது என்கிறது. அதற்கு முந்தைய மாதம்தான் யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து, வெளிநாட்டு நிறுவனங்களோடு கைகோத்து எட்-டெக் கம்பெனிகள் விற்கும் ஆன்லைன் பிஎச்.டி.யை நம்ப வேண்டாம் என்று அறிவிப்பு விட்டிருந்தன. இங்கிலாந்தில் வேலையில் இருந்தபடியே இணையவழியில் படிக்கும் கல்வி முனைவர் படிப்புகள் இருக்கின்றன. அங்கே அவற்றுக்கு மதிப்பும் உண்டு. ஆனால் விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டு, இங்கே பதவி உயர்வுக்கு அந்தப் பட்டத்தை நீட்டும்போது செல்லாது என்றால் யார் பொறுப்பு?

அவன் கேட்டதில் தவறில்லை. தபாலில் படித்து முன்னேறிய ஊர் இந்தக் காரைக்குடி. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது, அண்ணாமலை 1979இல், நம் அழகப்பா 1992இல். எங்கள் தெருவில் மளிகைக்கடைக் கணக்கு எழுதிக்கொண்டே கரஸில் பி.காம். முடித்தவர்கள் இருக்கிறார்கள். என் எம்.ஏ.வும் கரஸ்தான். பட்டம் வரைக்கும் தபால் கொண்டுவந்து சேர்க்கிறது, அதற்கு மேல் ஏன் கூடாது என்று தோன்றுவது இயல்பு.

கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். பாடம் புத்தகத்தில் இருக்கிறது. ஆராய்ச்சியில் புத்தகத்தை எழுதுகிறவரே நாம். நான் எழுதிய பக்கத்தை எதிரில் உட்கார்ந்து ஒருவர் அடித்துத் திருத்தும்போதுதான் அது ஆய்வாகிறது. எனவே பகுதிநேரம் என்ற ஒரே வழி மிச்சம். அதைத்தான் எடுத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அந்த யு.ஜி.சி. விதிமுறையைத் திரும்பவும் எடுத்துப் படித்தேன். வேலையில் இருப்பவர் பகுதிநேரமாகச் சேர, வேலை கொடுப்பவர் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., தர வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் செலவிட இவருடைய அலுவல் இடம் தருகிறது, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்கை முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம்.

இரண்டாவது வரியைக் கையெழுத்துப் போடுகிறவர்கள் யாராவது படிக்கிறார்களா? எனக்குக் கிடைத்த சான்றில் மூன்றும் அச்சாகியிருந்தன. கையில் கொடுக்கும்போது வாயால் சொன்னது வேறு: "கல்லூரி வேலை பாதிக்கக் கூடாது." நாக் தர மதிப்பீட்டு வேலை, தேர்வு வேலை, சேர்க்கைக் காலத்தில் பள்ளி பள்ளியாகப் போய் நோட்டீஸ் கொடுக்கும் வேலை, எல்லாவற்றுக்கும் பிறகு மிஞ்சுவதுதான் ஆய்வு நேரம். கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். அதை முடிக்கத் திருச்சிக்குப் போனதெல்லாம் என் தற்செயல் விடுப்பில்தான். அந்த நாட்களைப் பணிநாளாகக் கணக்கிட ஓ.டி. கேட்டபோது, "உங்க சொந்தப் படிப்புக்கு எப்படிம்மா ஓ.டி. போட முடியும்?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

சொந்தப் படிப்பு! நாளைக்கு நாக் குழு வரும்போது எத்தனை பேர் பிஎச்.டி. என்ற பத்தியில் என் பெயரைத்தானே கல்லூரி சேர்க்கப் போகிறது?

செப்டம்பர் 18, வியாழன்

மிலாடி நபிக்குப் போகலாம் என்றிருந்த பேட்டி தள்ளித்தள்ளி இன்று மாலைதான் நடந்தது. பள்ளத்தூரில் ஓய்வுபெற்ற முதல்வர் ஒருவர். அரசு உதவிபெறும் கல்லூரியில் நீண்ட காலம் இருந்தவர். என் ஆய்வே அதுதான்: உதவிபெறும் கல்லூரிகளில் முதல்வர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்.

வளவில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். ஆச்சி வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து வைத்து, "சாப்பிட்டுட்டு கேளு ஆத்தா, அவுக எங்கயும் ஓடிற மாட்டாக" என்றார்கள். என் கேள்விப் பட்டியலுக்கு ஐயா சுருக்கமாகத்தான் பதில் சொன்னார். பிறகு எழுந்து போய், வீட்டின் இரண்டாம் கட்டில் இருந்த அலமாரியிலிருந்து ஒரு பழைய சார்ட்டை எடுத்து வந்து விரித்தார். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. கல்லூரியின் பொதுக் கால அட்டவணை. சில கட்டங்களில் மட்டும் பச்சைப் பென்சிலில் சின்ன வட்டம்.

"இது என்னங்கய்யா?"

"ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தவங்கம்மா. வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியட் அவங்களுக்குப் போட மாட்டேன். அப்பவே மதுரைக்குப் பஸ் ஏறினாத்தான் சனிக்கிழமை காலையில கைடைப் பார்க்கலாம்."

"அந்த பீரியடை யாரு எடுத்தா?"

"கொஞ்சம் மத்தவங்க. மிச்சத்தை நான் எடுத்தேன். முதல்வர் வகுப்புக்குப் போகக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே."

"ஆர்டர் போட்டீங்களா?"

"ஆர்டர் போட்டா செயலர் வரைக்கும் போகும். எதுக்குன்னு கேள்வி வரும். அட்டவணைக்குள்ள வச்சுட்டா அது அட்டவணை, அவ்வளவுதான்."

அவர் ஓய்வுபெற்ற அடுத்த வருஷம் பச்சை வட்டங்கள் போய்விட்டன என்பதையும் அவரே சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார். எனக்குத்தான் வீடு வரும் வரைக்கும் மனசு ஆறவில்லை.

அக்டோபர் 11, சனி

பையன் தூங்கிய பிறகு கோஹனும் மார்ச்சும் 1974இல் எழுதிய புத்தகம். அமெரிக்கக் கல்லூரித் தலைவர்களைப் பற்றியது. பல்கலைக்கழகத்தில் நோக்கம் தெளிவாக இருக்காது, யார் முடிவில் பங்கெடுப்பார்கள் என்பதும் நாளுக்கு நாள் மாறும், அதற்குள் நின்றுதான் தலைவர் வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள். படிக்கும்போது பல இடங்களில் நம் ஊர்க் கல்லூரி கண்முன் வந்தது. இருந்தாலும் அதில் செயலர் என்ற ஒருவர் இல்லை. 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டத்தின்படி உதவிபெறும் கல்லூரிக்குக் கல்லூரிக் குழு உண்டு, செயலர் உண்டு. சம்பளம் அரசாங்கத்துடையது, கட்டடம் நிர்வாகத்துடையது, பாடத்திட்டமும் பட்டமும் பல்கலைக்கழகத்துடையது. மூன்றுக்கும் நடுவில் முதல்வர். இதற்குமேல் மத்தியானம் சுயநிதி ஷிப்ட் வேறு. அந்த ஆசிரியருக்குச் சம்பளம் வேறு, விதி வேறு, முதல்வர் மட்டும் ஒருவரே. நான் பார்த்த எந்த வெளிநாட்டுப் புத்தகமும் இந்த நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை. நாம்தான் எழுதியாக வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. வரலாற்று இயலை எழுதினேன்.

காரைக்குடியில் உயர்கல்வி பற்றி எழுத உட்கார்ந்தால் வள்ளல் அழகப்பர் பக்கமே கை போகிறது. போகத்தான் செய்யும். 1947இல் காந்தி மாளிகையில் கல்லூரியைத் தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 1957 ஏப்ரல் 5இல், நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னால், அழகப்பர் காலமானார்.

கைடு மேடம் ஓரத்தில் எழுதிய குறிப்பு: "கொடை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு?"

அந்தக் கேள்வி என்னை இரண்டு வாரமாகத் தூங்க விடவில்லை. அவர் பெயரில் பல்கலைக்கழகம் வந்தது 1985இல். இடையில் இருபத்தெட்டு வருஷம். அந்த வருஷங்களில் காலையில் மணி அடிக்க வைத்தவர்கள், ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் குடுவை வாங்கக் கடிதம் எழுதியவர்கள், ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு ஆள் அனுப்பியவர்கள் யார்? கொடுத்தவருக்குச் சிலை இருக்கிறது. நடத்தியவர்களின் பெயர் பழைய ஆண்டு மலர்களில் குழுப் புகைப்படத்துக்குக் கீழே இருக்கிறது. கல்வித் தலைமை என்று நான் படிக்க வந்தது இவர்களைத்தான் என்று இப்போது உறுதியாகத் தெரிகிறது. அழகப்பரின் பெருமை இதனால் ஒரு மாற்றும் குறையாது. அவர் விட்டுச்சென்றது நிலைத்ததற்கு இவர்களும் காரணம்.

பழைய மலர்களுக்கு எங்கே போவது என்பது அடுத்த கவலை. கோட்டையூர் ரோஜா முத்தையா இருந்திருந்தால் பக்கத்து ஊரிலேயே முடிந்திருக்கும். போர்டு எழுதிப் பிழைத்தவர், எந்தப் பட்டமும் இல்லாமல் அத்தனை அச்சுத் தாளையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது; 1994 முதல் அது சென்னையில் நூலகமாக இருக்கிறது. அரையாண்டு விடுமுறையில் போக வேண்டும்.

டிசம்பர் 20, சனி

ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. ஒவ்வொரு செமஸ்டரும் குழு முன்னால் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்ற விதியை நான் சுமையாக நினைத்ததே இல்லை. நம் எழுத்தைக் கட்டாயமாக மூன்று பேர் படிக்கும் நாள் வேறு எப்போது வாய்க்கும்? முதல்வர் பேட்டிகளை மாவட்டவாரியாகப் பிரிக்காமல், நிர்வாக வகைப்படி பிரிக்கச் சொன்னார்கள். சரியான யோசனை.

வெளியே டீ குடிக்கும்போது ஒரு அம்மா பேசிக்கொண்டிருந்தார். பிஎச்.டி.யில் சேர்ந்து ஆறு வருஷம் முடியப் போகிறதாம். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு வருஷம், பெண் என்பதால் அதற்கு மேலும் இரண்டு வருஷம். "வருஷம் கேட்டா குடுக்குறாங்க மேடம், வாரத்துல ஒரு அரை நாள் கேட்டா குடுக்க மாட்டேங்குறாங்க" என்றார். நான் எத்தனையோ பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

ஐயாவின் பச்சைப் பென்சிலை நினைத்துக்கொண்டேன். அந்த நல்ல மனசை வணங்குகிறேன். ஆனால் நல்ல மனசு ஓய்வுபெறும் வயதோடு போய்விடுகிறது. எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் பகுதிநேரமாகப் படிக்கிற எல்லாரிடமும் பேசிவிட்டேன். என்.ஓ.சி.யின் இரண்டாவது வரியை அப்படியே மேற்கோளாக வைத்து ஒரு பக்க விண்ணப்பம்: ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மத்தியானம் வகுப்பில்லாமல் கால அட்டவணையிலேயே குறிக்க வேண்டும், கோர்ஸ் ஒர்க் நாட்களுக்கு ஓ.டி. வேண்டும், விட்டுப்போகும் வகுப்புகளை நாங்களே எங்களுக்குள் பகிர்ந்து எடுப்போம். யார் யாருடைய பீரியடை எடுப்பது என்ற பட்டியலையும் பின்னால் இணைத்திருக்கிறோம். தமிழ்த்துறை அண்ணன் முதல் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் கவுன்சில். அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லி இன்று இரவே முதல்வருக்கு மெயில் போட்டாயிற்று.