போர்டிக்சனுக்குக் குடிவரலாமா?

வார இறுதியில் போர்டிக்சன் கடற்கரைக்கு வரும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது: கோலாலம்பூரை விட்டு இங்கேயே குடிவந்தால் என்ன? வாடகை குறைவு, கடற்காற்று இலவசம். ஆனால் தலைநகர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 1891-இல் சிரம்பானிலிருந்து இங்கு இரயில் வந்தது. இன்று பயணிகள் இரயில் கிடையாது. அலுவலகம் கோலாலம்பூரில் என்றால், மிச்சமாகும் வாடகையை டோலும் பெட்ரோலும் விழுங்கிவிடும்.

இவ்வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகளுக்கு லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. நமக்கோ வீடு ஓரிடம், வேலை ஓரிடம். சிரம்பானில் வேலையோ, வீட்டிலிருந்தே செய்யும் வேலையோ இருந்தால் தயங்காமல் வரச் சொல்வேன். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கடலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். திங்கட்கிழமை விடியற்காலையில் இங்கிருந்து ஒருமுறை வேலைக்குப் புறப்பட்டுப் பாருங்கள்.