குக்குரி பிறக்கும் இடம்

காத்மாண்டுவில் சுயம்புநாதர் குன்றுக்கு அருகே சாவ்னி என்ற பகுதியில் நேபாளத்தின் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. நேபாளப் பிரதமர் பீம்சேன் தாபாவின் காலத்தில் ஆயுதக் கிடங்காக இருந்த இடம். 1938-இல்தான் பொதுமக்கள் உள்ளே போக முடிந்தது. திபெத்துடன் நடந்த போரில் கைப்பற்றிய தோல் பீரங்கியும், மூன்றாம் நெப்போலியன் நேபாளப் பிரதமர் ஜங் பகதூர் ராணாவுக்குக் கொடுத்த வாளும் அங்கே இருக்கின்றன. அவற்றோடு வரிசை வரிசையாகக் குக்குரிகள் என்னும் வளைந்த கத்திகள். 1559-இல் கோர்க்காவைக் கைப்பற்றிய திரவ்ய ஷாவின் குக்குரி என்று சொல்லப்படுவதும் உண்டு. எந்த மன்னர் ஏந்தியது, எந்தத் தளபதி இடுப்பில் கட்டியது என்றெல்லாம் அங்கே அறிந்துகொள்ள முடிகிறது. அதை அடித்துச் செய்தவர் யார் என்று மட்டும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் கிழக்கு மலைகளுக்கு பஸ் ஏறினேன்.

குக்குரியை நாம் அறியாதவர்கள் அல்லர். இரவில் விசில் ஊதியபடி நம் தெருக்களைச் சுற்றிவந்த கூர்க்கா காவலாளிகளின் இடுப்பில் அதைப் பார்த்திருக்கிறோம். இந்தியத் தரைப்படையின் ஏழு கூர்க்கா ரெஜிமெண்டுகளும் குறுக்காக வைத்த இரு குக்குரிகளைச் சின்னமாகக் கொண்டவை. நேபாளத்தின் அரசுச் சின்னத்திலும் 2006 வரை குக்குரிகள் இருந்தன. பயன்பாட்டில் இருக்கும் கத்தி பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள் அடங்கும். பிடியிலிருந்து நேராகப் புறப்பட்டு, நடுவில் முன்பக்கமாக வளைந்து, வளைவுக்கு அப்பால் அகன்று கனத்து, முனையில் ஒடுங்கும். கனம் முன்னால் இருப்பதால் பாதி வேலையை எடையே செய்துவிடும். வளைந்த வாய் படும்போதே இழுத்து அறுப்பதால் கைக்கு அலுப்புக் குறைவு. கோடரியும் அரிவாளும் கத்தியும் தனித்தனியே செய்யும் வேலைகளை ஒரே இரும்பு செய்யும்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. அலெக்சாண்டரின் படையினர் கொண்டுவந்த கோபிஸ் என்ற வளைந்த கிரேக்க வாளின் வழித்தோன்றல் என்பது ஐரோப்பியர்களுக்குப் பிடித்த கதை. கிழக்கு மலைகளில் போஜ்பூர்ப் பக்கத்து ராய் இன மக்களிடம் கேட்டால், கிராதர்களான தங்கள் முன்னோரின் ஆயுதம் என்பார்கள். கதிர் அறுக்கும் அரிவாளைக் கனமாக்கிக் காட்டு வேலைக்குத் திருப்பியதே குக்குரி என்பது இன்னொரு தரப்பு. கிரேக்கக் கதைக்கு உருவ ஒற்றுமையைத் தவிர வலுவான சான்று இல்லை. மலையின் செங்குத்துச் சரிவில் ஒரு கையால் மரத்தைப் பற்றிக்கொண்டு மறு கையால் தழை வெட்டும் பெண்களைப் பார்த்த பிறகு என் மனம் அரிவாள் பக்கமே சாய்ந்தது. அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

புகழ் போரில்தான் வந்தது. 1814-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நேபாளத்தின் மீது படையெடுத்தபோது, டேராடூனை அடுத்த நாலாபானிக் கோட்டையில் பலபத்ர குன்வர் தலைமையில் பெண்கள், குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 600 பேர் இருந்தார்கள். பல மடங்கு பெரிய படையை அவர்கள் ஒரு மாதம் தடுத்து நிறுத்தினார்கள். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் கில்லெஸ்பி அக்டோபர் 31 அன்று கோட்டை வாசலருகே சுடப்பட்டு இறந்தார். கோட்டைக்கு வரும் தண்ணீரை அடைத்த பிறகே அது விழுந்தது. எதிரியின் வீரத்தை மதித்து ஆங்கிலேயர் எழுப்பிய நினைவுத்தூண் இன்றும் டேராடூனில் நிற்கிறது. 1815 முதல் அதே கூர்க்காக்களைத் தங்கள் படையில் சேர்த்தார்கள். உலகப் போர்கள் இரண்டிலும் குக்குரியின் பெயர் பரவியது. உறையிலிருந்து உருவினால் ரத்தம் பார்க்காமல் திரும்பாது என்ற கட்டுக்கதையும் கூடவே பரவியது. நேபாளத்தில் ஒரு நாள் தங்கினால் போதும், அது பொய் என்று தெரிந்துவிடும். காலையில் அடுப்புக்குச் சுள்ளி பிளப்பதும், மதியம் மூங்கில் சீவுவதும், மாலையில் ஆட்டிறைச்சி நறுக்குவதும் அந்த ஒரே குக்குரிதான்.

காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய இரவு பஸ் சமவெளியில் இறங்கி, கோசி ஆற்றைத் தாண்டி, தரானுக்கு வந்து சேர்ந்தது. சமவெளி முடிந்து மலை தொடங்கும் விளிம்பில் இருக்கிறது தரான். பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா ஆள்சேர்ப்பு முகாம் பல பத்தாண்டுகள் இங்கே இருந்தது. அது மூடப்பட்ட பிறகு, அந்த வளாகத்தில் 1993-இல் முன்னாள் பிரதமர் பி.பி. கொய்ராலா பெயரில் மருத்துவக் கல்வி நிறுவனம் வந்தது. பென்ஷன் வாங்கும் முன்னாள் சிப்பாய்கள் இந்த ஊரில் வீதிக்கு வீதி உண்டு. டீக்கடையில் பேச்சுக் கொடுத்த ஒரு பெரியவர், படையில் வாங்கிய குக்குரியை வீட்டிலிருந்து எடுத்துவரச் செய்து காட்டினார். ரெஜிமெண்டின் முத்திரை இருந்தது. "செய்தவர் பெயர் எங்கே, தாஜு (அண்ணா)?" என்று கேட்டேன். "கத்தி சர்க்காருடையது, பஹினி (தங்கை). அதில் காமியின் பெயர் எப்படி வரும்?" என்றார். காமி என்பது நேபாளத்துக் கொல்லர் சாதி. ராணா குடும்பத்தினர் நேபாளத்தை ஆண்ட காலத்துப் பழைய குக்குரிகளிலும் தேவநாகரியில் பட்டாளத்தின் பெயரும் எண்ணும் வெட்டப்பட்டிருக்கும். அவருடைய பதில் அவற்றுக்கும் பொருந்தும்.

தரானிலிருந்து தன்குட்டா, ஹிலே என்று ஏறி, அருண் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, ஆற்றைக் கடந்து மறுபடி ஏறினால் போஜ்பூர். நேபாளத்தில் நல்ல குக்குரி என்றாலே பலர் வாயில் முதலில் வரும் ஊர் இதுதான். அகன்ற வயிறும் தடித்த முதுகும் கொண்ட ஒரு வகைக்கு இந்த ஊரின் பெயரே நிலைத்திருக்கிறது. சிரு என்ற புல்லின் இலை போல மெலிந்து நீண்டிருப்பது இன்னொரு வகை. அதற்குச் சிருபாதே என்று பெயர். பஜாரிலிருந்து கீழே இறங்கினால் டக்சார் என்ற சிற்றூர். செம்பு, பித்தளை வேலைக்குப் பெயர் போனது. குக்குரி அடிக்கும் பட்டறைகள் இந்தச் சுற்றுவட்டாரத்துக் குன்றுகளில் சிதறிக் கிடக்கின்றன.

நான் போய் உட்கார்ந்தது அப்படியொரு பட்டறையில். ஆரன் என்பார்கள். தாழ்ந்த கூரை, பகலிலும் அரை இருட்டு. அந்த இருட்டு வேண்டும். பழுத்த இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் சூட்டை அளக்கிறார்கள். மூலையில் லாரிகளின் பழைய ஸ்பிரிங் பட்டைகள் குவிந்திருந்தன. முன்பு மலையிலேயே தாது வெட்டி இரும்பு உருக்கினார்கள். ராமேச்சாப் மாவட்டத்துத் தோசே அதற்குப் பெயர் பெற்றது. இப்போது ஸ்பிரிங் பட்டையே நம்பகமான எஃகு. பட்டையிலிருந்து ஒரு துண்டை உளி வைத்து வெட்டி, மரக்கரி உலையில் பழுக்க வைத்தார் பட்டறைக்காரர். அவருடைய தம்பி எதிரில் நின்று சம்மட்டி போட்டார். பேச்சே இல்லை. அண்ணன் சிறு சுத்தியலால் தட்டும் இடத்தில் தம்பியின் சம்மட்டி விழுந்தது. முதலில் பிடிக்குள் போகும் வால் பகுதி, பிறகு முதுகு, பிறகு வளைவு. இரும்பு திரும்பத் திரும்ப உலைக்குப் போய் வந்தது. உருவம் வந்த பிறகு அரத்தால் ராவினார்கள்.

கடைசியில் நடந்ததுதான் அந்த வேலையின் உயிர். கத்தியை மறுபடி பழுக்க வைத்து எடுத்து, மூக்குள்ள கெண்டியிலிருந்து தண்ணீரை வெட்டுவாயின் மீது மட்டும் மெல்லிய தாரையாக ஓட்டினார். வளைவிலிருந்து முனைக்கும் முனையிலிருந்து வளைவுக்குமாக ஒரே சீராகக் கை போய் வந்தது. முதுகில் தண்ணீர் படவில்லை. குளிர்ந்த வாய் கடினமாகிறது. மெதுவாக ஆறும் முதுகு இளக்கமாகவே இருக்கிறது. வாய் கடினமாக இருப்பதால் கூர் நிற்கும். முதுகு இளகியிருப்பதால் ஓங்கி வெட்டினாலும் கத்தி ஒடியாது. தண்ணீர் கொஞ்சம் கூடினால் வாய் பெயர்ந்துவிடும், குறைந்தால் மடங்கிவிடும். எவ்வளவு நேரம் ஊற்ற வேண்டும் என்று கேட்டேன். "நிறம் சொல்லும், பஹினி" என்றார். அவருக்கு அப்பாவும், அப்பாவுக்குத் தாத்தாவும் காட்டிக்கொடுத்த நிறம் அது.

பிடிக்கு அருகே வெட்டுவாயில் சிறு பிளவு ஒன்று இருக்கும். கௌடி என்பார்கள். அதைப் பற்றிப் போகும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். சிவனின் திரிசூலம் என்றார் ஒருவர். பசுவின் குளம்பு, பசுவைக் கொல்லக்கூடாது என்று நினைவூட்ட என்றார் இன்னொருவர். ரத்தமும் மரப்பாலும் பிடிக்கு வழியாமல் அங்கேயே சொட்டிவிடும் என்றார் தரான் பெரியவர். பட்டறைக்காரர் எந்தக் கதையையும் மறுக்கவில்லை. கௌடி இல்லாத குக்குரியை யாரும் வாங்க மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். நான் எல்லாவற்றையும், சொன்னவரின் ஊரோடும் தொழிலோடும் சேர்த்து எழுதிக்கொண்டேன். ஒரு பொருளின் கதைகளில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, யார் எதைச் சொல்கிறார்கள் என்று பதிவு செய்வதே பயன் தரும்.

உறைக்குள் இரண்டு குட்டிக் கத்திகளும் உண்டு. கர்தா சிறு வேலைக்கான கத்தி. சக்மக் மழுங்கலானது, குக்குரியின் வாயைச் சீர்செய்யவும், சிக்கிமுக்கிக் கல்லில் உரசி நெருப்பு உண்டாக்கவும் உதவும். பிடி எருமைக் கொம்பிலோ மரத்திலோ செய்து, அரக்கு வைத்து இறுக்குவார்கள். மரச் சட்டத்தின் மேல் எருமைத்தோல் போர்த்திய உறை, தோல் வேலை செய்யும் சார்க்கி சாதியினரின் கைவேலை. ஒரு குக்குரி முழுமை பெற இரண்டு சாதியினரின் உழைப்பு வேண்டும். இரண்டுமே நேபாளம் தீண்டாமையில் வைத்திருந்த சாதிகள்.

ஜங் பகதூர் ராணா 1854-இல் கொண்டுவந்த முலுகி ஐன் என்ற சட்டத் தொகுப்பு சாதி அடுக்கை எழுத்தில் நிறுத்தியது. காமியும் சார்க்கியும் கடைசித் தட்டில் வைக்கப்பட்டார்கள். அவர்கள் கையால் தண்ணீர் வாங்கக்கூடாது; அவர்களைத் தொட்டால் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். 1963-இன் புதிய சட்டம் அந்த ஏற்பாட்டை நீக்கியது. தீண்டாமையைத் தண்டிக்கத் தனிச் சட்டம் 2011-இல்தான் வந்தது. தசைன் திருவிழாவின் நவமி அன்று குக்குரிக்குப் பூவும் குங்குமமும் வைத்து வணங்காத குடும்பமும் படைமுகாமும் குறைவு. கத்தி பூஜை அறைக்குள் போனது. அதை அடித்தவர் வீட்டுக்கு வெளியே நின்றார். அவர் தொட்ட தண்ணீர் ஆகாது, அவர் ஊற்றிய தண்ணீரால் கூர் பெற்ற கத்தி மட்டும் ஆகும் என்பது என்ன நியாயம்?

ஊராரின் அரிவாள், மண்வெட்டி, குக்குரி எல்லாவற்றையும் ஆண்டு முழுவதும் செப்பனிட்டுக் கொடுத்து, அறுவடையில் தானியமாகக் கூலி வாங்கும் பாலி முறையைப் பட்டறைக்காரரின் மனைவி விவரித்தார். களத்தின் ஓரத்தில் நின்று வாங்கிய தானியம் அது. "இப்போது காசு. பேரமாவது பேச முடிகிறது" என்றார். அவர்களுடைய மகன் மலேசியாவில் வேலை பார்க்கிறான். அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலிருந்தும் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டார்கள். காத்மாண்டுவின் தமேல் கடைவீதியில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் பளபளப்பான குக்குரிகளில் பல அலங்காரத்துக்கே ஆகும். கடைக்காரர் சொல்லும் விலையில் மலையிலிருக்கும் பட்டறைக்கு எவ்வளவு சேர்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

குக்குரியைப் பற்றிப் புத்தகங்களுக்குக் குறைவில்லை. படைகளின் வரலாறு, முத்திரைகளின் பட்டியல், பழைய கத்தி சேகரிப்பவர்களின் கையேடுகள் எல்லாம் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கத்தியை ஏந்தியவரும் அதன் எதிரில் நின்றவரும் விட்டுச்சென்ற சொற்கள். வாரிசு இல்லாமல் மூடப்படும் ஒவ்வொரு ஆரனோடும், நிறம் பார்த்துத் தண்ணீர் ஊற்றும் அறிவும் சேர்ந்து போகிறது. அதை உடனே எழுதிவைக்க வேண்டும். காமிகளின் பிள்ளைகளே எழுதினால் இன்னும் நல்லது. அருங்காட்சியகங்களும் மன்னர் பெயருக்குப் பக்கத்தில், குறைந்தபட்சம் அதை அடித்த சமூகத்தின் பெயரையாவது போட வேண்டும்.

நேபாளம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குக்குரி வாங்குவதானால் பட்டறைக்கே போய் வாங்குங்கள். விமானத்தில் அதைக் கைப்பையில் கொண்டுவர முடியாது. சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். வாங்கும்போது, அடித்தவரின் பெயரையும் ஊரையும் அவரிடமே கேட்டு எழுதி, அந்தச் சீட்டைக் கத்தியோடு சேர்த்தே வைத்திருங்கள்.