இரண்டு அடைப்புக்குறிகள்

நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. நூலகத்தை மட்டும் புதுப்பித்திருப்பார்கள். படிவத்தில் மூன்று பெட்டிகளை டிக் செய்தாலும் சர்வரில் பட்டியல் காலி. 2010 ஜனவரியில் ஜேக்வெரி நூலகத்தின் 1.4 பதிப்பு வந்தபோது இப்படித்தான் ஆனது.

அதுவரை ஒரு பட்டியலை அனுப்பினால் "நிறம்=1&நிறம்=2" என்று போகும். 1.4-இல் அது "நிறம்[]=1&நிறம்[]=2" ஆகிவிட்டது. பிஎச்பி, ரெயில்ஸ் ஆட்களுக்கு இது வசதிதான். அங்கே அடைப்புக்குறி இருந்தால்தான் பட்டியலாக எடுத்துக்கொள்ளும். ஆனால் ஜாவா சர்வ்லெட்டும் ஜாங்கோவும் பெயரை எழுத்துக்கு எழுத்து பார்ப்பவை. 'நிறம்' என்று கேட்டால், 'நிறம்[]' என்று வந்ததைத் தராது. பல இடங்களில் பிழைச்செய்திகூட வராது. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்: பயனர் கொடுத்த தரவு சத்தமில்லாமல் போய்விடுகிறது.

பழைய முறைக்குத் திரும்ப 'டிரெடிஷனல்' என்ற அமைப்பையும் கூடவே கொடுத்தார்கள், உண்மை. ஆனால் பழையதை அப்படியே விட்டுவிட்டு, புதியது வேண்டுமென்பவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி செய்திருக்க வேண்டும்.

நூலகத்தைப் புதுப்பிக்கும் நண்பர்களே, பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். பிரவுசரில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, சர்வருக்கு என்ன போகிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள்.