டவுன் பஸ் போகும் மலை

புதுக்கோட்டைக்காரர்களிடம் "உங்க ஊர்ல மலை இருக்கா?" என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மலைன்னு சொல்ல முடியாது, பாறை இருக்கு" என்பார்கள். கொடைக்கானலையும் ஊட்டியையும் மலை என்று பழகிய கண்ணுக்கு அது சரிதான். திருச்சி ரோட்டில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் யானைகள் படுத்துக் கிடப்பது போலத் தெரியும், அவ்வளவுதான். பனி கிடையாது, அருவி கிடையாது, நிழல்கூடப் பெரிதாகக் கிடையாது. ஒரு சௌகரியம் மட்டும் உண்டு. அநேகமாக எல்லா மலைக்கும் டவுன் பஸ் போகும்.

இதை நான் கண்டுபிடித்தது 2021-இல். அந்த வருடம் மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அரசு அறிவித்தது. உடனே ஊரடங்கு வந்துவிட்டது. அது முடிந்து பஸ் ஓடத் தொடங்கியபோது நான் கல்லூரி முடித்து, வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். பஸ்ஸுக்கு இருபது ரூபாய் கேட்டால் "எதுக்கு?" என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் அதுவரை வாசலைத் தாண்டியிருக்கிறேன். காசு கேட்க வேண்டாம் என்றானதும் பதிலும் தேவைப்படவில்லை. வருகிற பஸ்ஸில் ஏறினேன்.

அன்னவாசல் பஸ்ஸில் போய் சித்தன்னவாசலில் இறங்கினேன். எல்லோரும் அறிவர் கோயில் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். விதானத்தில் தீட்டியிருக்கும் அந்தத் தாமரைக் குளமும் மீனும் யானையும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் நடக்கிறவர்களுக்கு உரியது மலையின் மறுபக்கம் இருக்கும் ஏழடிப்பட்டம். செங்குத்தான பாறையின் விளிம்பில், கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால் குகைத்தளத்தில் சமண முனிவர்களின் 17 கல் படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கும் இடம்கூட மேடாகச் செதுக்கியிருக்கும். ஒரு படுக்கையில் தமிழி எழுத்து. இன்னொரு நாள் குடுமியான்மலை, அங்கே பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு. எங்கேயும் போகத் தோன்றாத நாளில், டவுனை ஒட்டியிருக்கும் கவிநாட்டுக் கண்மாய்க் கரையில் நடப்பேன். மழை பெய்த வருடம் என்றால் எதிர்க்கரை தெரியாது.

இந்த நடைக்கு ஒரே ஒரு விதி. இறங்கியதும் டீக்கடையில் "திரும்பி எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேட்டுவிட வேண்டும். எவ்வளவு தூரம் நடக்கலாம், எந்தப் பாறையில் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதை பஸ்தான் தீர்மானிக்கும். பத்து மணிக்கு மேல் பாறை காலைச் சுடும். ஆகவே முதல் பஸ்ஸில் போய், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

அம்மா என்னோடு ஒருமுறைகூட வந்ததில்லை. "மலையில என்ன இருக்கு பாக்க? நான் பாக்காத மலையா?" என்பாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பதினான்கு வருடம் கல் குவாரியில் ஜல்லி உடைத்தவள்.

அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவள். 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வைத்தார். மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதைக் கல்லூரியில் படித்தபோது, வகுப்பில் எல்லோரிடமும் "எங்கம்மாவும் அதுல ஓட்டுனவங்கதான்" என்று பெருமையடித்துக்கொண்டேன். அந்த சைக்கிளில் அம்மா எங்கே போனாள் என்பதைச் சொல்லவில்லை. அவள் போனது குவாரிக்கு. சைக்கிள் இருந்ததால் விடிகாலையில் சமைத்து வைத்துவிட்டு, ஆறு கிலோமீட்டர் மிதித்து வேலைக்குப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்ப முடிந்தது. நான் படித்தது அந்த ஜல்லிக் காசில்தான்.

சென்ற தை மாதம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, "ஒரே ஒரு தடவை வாங்கம்மா" என்று கெஞ்சினேன். முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "மெதுவாத்தான் ஏறுவேன், அவசரப்படுத்தக் கூடாது" என்று நிபந்தனை போட்டு வந்தாள். நார்த்தாமலை பஸ். கண்டக்டர் இரண்டு கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடி, "அம்மன் கோயிலுக்காம்மா?" என்று கேட்டார். நார்த்தாமலை என்றால் முத்துமாரியம்மன், வேறெதற்குப் போவார்கள்? நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "ஆமாய்யா, ஒரு வேண்டுதல்" என்றாள். எந்த வேண்டுதலும் இல்லை.

ஊரிலிருந்து மேலமலைக்குப் போகும் பாதை எளிது. கொஞ்ச தூரம் ஆவாரஞ்செடிகளுக்கு நடுவே போய், பிறகு வெறும் பாறைச் சரிவில் ஏற வேண்டும். வழியில் தலையருவிச் சுனை. அதன் தண்ணீருக்கடியில் பாறையைக் குடைந்த சின்னக் கோயிலும் லிங்கமும் இருக்கின்றன என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்கவில்லை. பாதையோரம் ஒரு பாறை விளிம்பில் குனிந்து, வரிசையாக இருந்த சிறு குழிகளுக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆப்புக் குழி."

"என்னம்மா?"

"இப்புடி வரிசையா குழி போட்டு ஆப்பு வச்சு அடிச்சா, கல்லு நூல் புடிச்ச மாதிரி பொளக்கும். வாட்டம் பாத்து வைக்கணும், இல்லன்னா குறுக்க ஓடிரும். இந்தா, இந்தக் கடேசிக் குழி கோணலா இருக்கு. அதேன் பொளக்காம விட்டுட்டுப் போயிட்டாங்க."

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் கல் போனது என்று சொல்வார்கள். அந்தக் குழிகள் எந்தக் காலத்தவை என்று சொல்லத் தெரியாது. ஆனால் நாலைந்து தடவை அந்த வழியாகப் போன நான் அவற்றை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு விளக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

பாதி ஏறியதும் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். கீழே வயலும் பனையும், தூரத்தில் ரோடும் தெரிந்தன. வெகுதூரத்தில், சதுரமாக, பச்சைக் கண்ணாடி பதித்தது மாதிரி ஒரு தண்ணீர். "அந்தக் குளம் எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்று போனை எடுத்தேன்.

"அது குளமில்ல பாப்பா. குவாரிக் குழி. குளம்னா கரை இருக்கும்ல."

கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க வேலை பார்த்ததாம்மா?" என்றேன்.

"அது இல்ல. ஆனா அதுவும் நாங்க தோண்டுனதுதான்."

போட்டோ எடுக்காமல் போனை உள்ளே வைத்தேன். அம்மா அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு காலத்துல அங்க இந்த மாதிரி ஒரு மேடு இருந்திருக்கும். உடைக்க உடைக்கத் தரையாச்சு, அப்பறம் குழியாச்சு. ஏறிப் பாத்தவுக யாரும் இல்ல. நாங்க போனதெல்லாம் கீழ எறங்கத்தான்."

மேலே விஜயாலய சோழீஸ்வரம். பெயரில் சோழன் இருந்தாலும் அங்கிருக்கும் கல்வெட்டு வேறு ஆட்களைச் சொல்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதி அரையர் எடுத்த கற்கோயில் மழையில் இடிந்துபோனதாம். மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தாராம். எதிரே இரண்டு குடைவரைகள். ஒன்றில் ஆளுயரத்துக்கு மேல் 12 விஷ்ணு உருவங்கள். இன்னொன்று, சாத்தன் பழியிலி குடைந்த சிவன் கோயில். அதற்கு நந்தியும் முன்மண்டபமும் செய்து வைத்தவள் அவருடைய மகள். இதையும் அங்கே கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த மகள் சமாச்சாரம் அம்மாவுக்குப் பிடித்திருந்தது. கல்வெட்டுக்குக் கிட்டே போய், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பழைய பழக்கத்தில் விரலால் தடவி, "இது ப. இது ட... மத்ததெல்லாம் பிடிபடல" என்றாள். பிறகு, "நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. யாரு, என்ன வேலை செஞ்சாங்கன்னு போட்டிருக்காங்க பாரு" என்றாள்.

நான் சிரித்தேன்.

"நீயும்தான் எழுதுன. ஆறாம்ப்பு சேருறப்ப. இல்லத்தரசின்னு."

அந்தப் படிவம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 'தாயின் தொழில்' என்ற இடத்தில் பக்கத்திலிருந்தவள் டீச்சர் என்று எழுதினாள். எனக்குக் கூலி என்று எழுதக் கை வரவில்லை. இல்லத்தரசி என்று எழுதி, கீழே அம்மாவிடம் கையெழுத்து வாங்கினேன். அம்மா கையெழுத்து மட்டும் போடுவாள், மேலே இருப்பதையெல்லாம் படிக்க மாட்டாள் என்று நினைத்திருந்தேன். அறிவொளியில் எதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் அப்படி நினைக்கச் சௌகரியமாக இருந்தது.

"அப்பவே படிச்சீங்களா?"

"படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? அன்னைக்கு எனக்கும் அப்புடி இருந்தா நல்லாருக்கும்னுதான் தோணுச்சு" என்றாள். பிறகு, "தண்ணி பாட்டில எடு" என்றாள்.

கோயில் மேற்குப் பார்த்தது. காலையில் அதன் நிழல் குடைவரைகள் இருக்கும் பக்கமாக விழும். அந்த நிழலில் உட்கார்ந்து இருவரும் கட்டிவந்த புளிச்சோற்றைத் தின்றோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் அதற்கான வார்த்தை புழக்கத்தில் இல்லை. என் பங்கு அப்பளத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். தின்றாள்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அம்மா பக்கவாட்டில் கால் வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நாங்கள் ஊருக்குள் வருவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று டீக்கடைக்காரருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. மெயின் ரோடு வரை நடந்துவிடலாம் என்று அம்மாவே சொன்னாள். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். முன்னால் அவள்தான் நடந்தாள்.

ரோட்டில் திருச்சியிலிருந்து வந்த பஸ்கள் நிற்காமல் போயின. அவற்றில் எங்களுக்கு டிக்கெட் உண்டு, ஆகவே நாங்களும் கை காட்டவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, முன்பக்கம் ரோஸ் பெயிண்ட் அடித்த பஸ் ஒன்று வந்தது. ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டில், மடியில் பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் எங்கள் கால் புழுதியைப் பார்த்துவிட்டு, "கோயிலுக்குப் போயிட்டு வாரீகளா?" என்று கேட்டார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லத்தா. சும்மா, மலை பாக்கப் போனோம்."