கடல்பாசி வாங்கப் போகிறீர்களா?

மயிலாப்பூர் கச்சேரி ரோடில் லஸ் முனையிலிருந்து சாந்தோம் நோக்கி நடந்திருக்கிறீர்களா? நூறாண்டைத் தாண்டிய டப்பா செட்டி கடை இருக்கும் தெரு. சுக்கும் திப்பிலியும் மணக்கும். இந்த வட்டாரத்து மளிகைக் கடையில் "பாசி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தப் பாசிம்மா வேணும்?" என்றுதான் பதில் வரும்.

கேட்பது நியாயம்தான். செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசி, பாறையிலும் மரத்திலும் படரும் வாசனைச் சரக்கு. கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாத்திரையாக விற்கும் சுருள்பாசி, தொட்டி நீரில் வளர்ப்பது. வெள்ளை வெளேரென்று நார் நாராக, காய்ந்த வைக்கோல் போல் எடையே இல்லாமல் இருக்கிறதே, அதுதான் கடல்பாசி. சைனா கிராஸ், அகர் அகர் என்பதும் இதைத்தான்.

ரம்ஜான் மாதத்தில் நம் முஸ்லிம் சகோதரிகள் நோன்பு திறக்கும்போது பாலிலும் இளநீரிலும் இதைக் காய்ச்சிக் குளிரவைத்துத் துண்டு போட்டு வைப்பார்கள். நாள் முழுதும் பட்டினி கிடந்த வயிற்றுக்கு இதமான பண்டம். விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் நம் ஊர் உஷ்ணத்தில் இளகிவிடும். இதுவோ சுத்த சைவம். ஃப்ரிஜ் இல்லாமலே உறையும். உறைந்தபின் 85 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் உருகும். சித்திரை வெயில் எம்மாத்திரம்!

சைனா கிராஸ் என்ற பெயரைப் பார்த்துச் சீனச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம் ராமநாதபுரம் கடலிலேயே மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று அழகழகான பெயர்களில் இவை விளைகின்றன. நம்ம சென்னையில் பிறந்த எம்.ஓ.பி. ஐயங்கார், இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படுபவர், 1927-லேயே குருசடைத் தீவுப் பாசிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அங்கே கடலில் மூழ்கி இவற்றைப் பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்! விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு, மூச்சை அடக்கி உள்ளே போகிறார்கள். பாறையும் பவளமும் கீறிய கைகள் அவை. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி, இவர்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்து 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசைப் பெற்றார். அவர்கள் பறித்தது மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய், வெந்து, வடிந்து, உலர்ந்து அகராக மாறுகிறது.

சரி, உடம்புக்கு இதில் என்ன இருக்கிறது? தி.நகர் பெரிய கடைகளில் அழகான பாக்கெட்டில் அடுக்கியிருக்கும். "கடல்பாசியில் அயோடின் இருக்கு, இரும்பு இருக்கு, தைராய்டுக்கு நல்லதாம்" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லுவார். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் புகழெல்லாம் முழுப் பாசிக்குரியது. அகர், பாசியை வேகவைத்து எடுத்த சாரம். அதில் முக்கியமாக இருப்பது நார்ச்சத்து. ஒரு லிட்டருக்கு 10 கிராம்தான் போடுகிறோம். அதிலிருந்து இரும்பும் அயோடினும் எவ்வளவு வந்துவிடும்? மலச்சிக்கலுக்கு உதவும், வயிறு நிறைந்தாற்போல் இருக்கும், அது போதாதா? ஆனால் பொடியை அப்படியே வாயில் போட்டு விழுங்கக் கூடாது. தொண்டையிலேயே ஊறி அடைத்துக்கொள்ளும்.

முழுப் பாசி வேண்டுமென்றால், அடையாறு பக்கத்துக் கடைகளில் இப்போது ஜப்பானிய நோரித் தாள்கூடக் கிடைக்கிறது. அளவாகச் சாப்பிடலாம். கொம்பு என்ற பழுப்புப் பாசியிடம்தான் ஜாக்கிரதை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250. கொம்புவில் 1 கிராமிலேயே 2000-க்கு மேல் இருக்கக்கூடும்! அயோடின் உப்பு ஏற்கெனவே நம் சமையலில் இருக்கிறது. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போகும்போது கல்லில் பச்சைப்பசேலென்று ஒட்டியிருக்கிறதே என்று பறித்து வந்துவிடாதீர்கள். அடையாறு முகத்துவாரத்தில் நகரத்துக் கழிவுநீர் கலக்கிறது. தண்ணீரில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்வது பாசியின் குணம். நல்ல கடலில் விளைந்தால் நல்லதை உறிஞ்சும். அழுக்குக் கடலில் ஈயத்தையும் சேர்த்து உறிஞ்சும்.

அகர் வாங்கியாயிற்றா? 10 கிராமை 2 டம்ளர் தண்ணீரில் 20 நிமிஷம் ஊறவைத்து, அடுப்பில் வைத்து, நார் ஒன்றுகூடத் தெரியாமல் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். வேறு பாத்திரத்தில் 3 டம்ளர் பாலைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி, இரண்டும் சூடாக இருக்கும்போதே கலந்து வடிகட்டித் தட்டில் ஊற்றுங்கள். ஏலக்காய் தட்டிப் போடலாம். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இருந்தால் சர்க்கரையை விட்டுவிட்டு, வெதுவெதுப்பான இளநீரிலும் வழுக்கையிலும் செய்யுங்கள். அரை மணியில் உறைந்துவிடும்.

குழந்தைகள் "இது என்னம்மா?" என்று கேட்டால், பாம்பன் கடலில் மூச்சடக்கி மூழ்கும் அம்மாக்களைப் பற்றியும் சொல்லுங்கள்.