மஹுவா: பூ உண்டு, கன்று எங்கே?

மார்ச் கடைசியில் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் முதலில் வரவேற்பது ஒரு கனத்த மணம்தான். புளிக்கத் தொடங்கிய பழத்தின் வாடை. பழகியவர்களுக்கு நாவில் நீர் ஊறும். புதியவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மஹுவா பூத்துவிட்டது.

தமிழர்களுக்கு இது அந்நிய மரமல்ல. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்கிறோமே, அந்த இலுப்பையின் நெருங்கிய உறவு. தெற்கத்திய இலுப்பையின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். மத்திய இந்திய மஹுவாவுக்கு இலை அகலம். அடையாளம் காண்பது எளிது. இலைகள் கிளை நுனியில் கொத்தாகக் கூடியிருக்கும். ஒன்றைக் கிள்ளினால் பால் வடியும். கோடைத் தொடக்கத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும்போதே பூக்கும். அதன்பின் வரும் தளிர்கள் செம்பு நிறம்.

இரவில் மலரும் பூவின் சதைப்பற்றுள்ள இதழ்ப்பகுதி விடியலில் பொலபொலவென்று உதிர்கிறது. எனவே பெண்களும் குழந்தைகளும் கூடையோடு இருட்டிலேயே கிளம்பிவிடுகிறார்கள். சில நாட்களில் கரடி முந்திக்கொள்கிறது. எதிர்ப்பட்டால் உயிருக்கே ஆபத்து. காய்ந்த பூ வாரச் சந்தையில் காசாகிறது. வீட்டில் பண்டமாகிறது, மதுவும் ஆகிறது. மழைக்கு முன் விதை பொறுக்கி எண்ணெய் எடுக்கிறார்கள்.

இந்தப் பூவின் மேல் அரசுகளுக்கு எப்போதுமே ஒரு கண். 1892இல் பம்பாய் மாகாணத்தில் பூ சேகரிப்பதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 2021இலோ மத்தியப் பிரதேச அரசு மஹுவா மதுவைப் 'பாரம்பரிய மது' என்ற பெயரில் விற்க அனுமதிக்கப்போவதாக அறிவித்தது.

சிக்கல் மரத்தடியில் இருக்கிறது. சருகுக்குள் பூவைத் தேடுவது கடினம் என்பதால், பருவத்துக்கு முன் சருகைக் கூட்டித் தீ வைத்துவிடுகிறார்கள். அதில் நாற்றுகளும் கருகிப்போகின்றன. மிஞ்சும் விதையோ எண்ணெய்க்குப் போகிறது. பழங்குடிகள் மஹுவாவை எளிதில் வெட்டமாட்டார்கள். ஆனால் பெரிய மரங்களின் கீழே அடுத்த தலைமுறையைக் காண்பது அரிது.

நெருப்புக்குப் பதில் மரத்தடியில் வலை கட்டும் முறை சில இடங்களில் வந்திருக்கிறது. பூவில் மண் ஒட்டாது, நல்ல விலையும் கிடைக்கும். ஆனால் வலைக்கு முதல் வேண்டும். இன்று நடும் கன்று பூக்கவோ சுமார் பத்தாண்டு ஆகும். பாட்டன் காலத்து மரத்தில் பூ பொறுக்கும் குடும்பங்கள் பேரனுக்காக இப்போதே இரண்டு கன்றுகளைத் தீயிலிருந்து காப்பாற்றியாக வேண்டும்.