டீச்சரம்மா சொன்ன பொய்

காவலூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் ஒரு பொய் சொன்னேன். மூன்று ஆண்டுகள் கழித்து அதே திண்ணையில்தான் அது உடைந்தது.

அந்த வீட்டுப் பெண் இளங்கலைத் தமிழ் முதலாண்டில் என்னிடம் படித்தவள். நான் நற்றிணை நடத்திக்கொண்டிருப்பேன். அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கையை வரைந்துகொண்டிருப்பாள். சாக்பீஸ் பிடித்த விரல்கள், மணிக்கட்டில் தளர்ந்த வளையல், புறங்கை நரம்பு. திட்டத்தான் போனேன். நோட்டை வாங்கிப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. "பி.எஃப்.ஏ. படிக்கணும்னு ஆசை மேடம். வீட்ல விடல. இது பக்கத்துல இருக்குன்னு சேத்துட்டாங்க" என்றாள்.

சென்னையில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. 2013இல் உருவான தமிழ்நாடு இசை மற்றும் கவின் கலைப் பல்கலைக்கழகத்தோடு இப்போது இணைந்திருக்கிறது. நான்காண்டுப் படிப்பு, ஓவியம், சிற்பம், துணி வடிவமைப்பு, சுடுமண் கலை என்று பிரிவுகள். செயல்முறைத் தேர்வில் வரைந்து காட்டித்தான் சேர வேண்டும். வரைந்து காட்டுவதில் அவளுக்குப் பயமில்லை. வீட்டைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. அதற்காகத்தான் நான் மலையேறினேன்.

அவள் அம்மா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். விடுதி, செலவு, நான்கு வருஷம் கழித்து என்ன வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடைசியில் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. அங்க துணியில்லாம ஆளுங்கள நிக்கவெச்சுப் படம் போடச் சொல்லுவாங்களாமே?" என்றார்.

"அதெல்லாம் இல்லம்மா. பூ, பானை, மரம், இதுதான்" என்றேன்.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்து, அதைத் தொடர்ந்து பெண் கவிஞர்கள் மேல் வசவு பொழிந்த காலத்தில், உடலை எழுதுவது எங்கள் உரிமை என்று கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசியவள் நான். வீட்டுத் திண்ணையில் ஒரு தாய் நேராகக் கேட்டதும் பானைக்குள் ஒளிந்துகொண்டேன். அந்தப் பெண் நல்லபடியாகச் சேரட்டும் என்றுதான் அப்படிச் சொன்னதாகப் பின்னால் சமாதானம் செய்துகொண்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி சில்லறைக் கேள்வி அல்ல. கலைக்கல்வியில் பெண்கள் பின்னால் நிறுத்தப்பட்ட கதையே அதற்குள் இருக்கிறது. 1768இல் லண்டனில் ராயல் அகாடமி தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் இருவர் பெண்கள்: ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். சில ஆண்டுகளில் யோஹன் சோஃபனி அந்த உறுப்பினர்களைக் கூட்டமாக வரைந்தார். ஆண் மாடல்கள் ஆடையில்லாமல் இருக்கும் அறை அது. அதனால் அந்த இரண்டு பெண்களும் அறைக்குள் இல்லை. சுவரில் மாட்டிய படங்களாக இருக்கிறார்கள். பாரிஸின் புகழ்பெற்ற அரசுக் கலைப்பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை. மகத்தான பெண் ஓவியர்கள் ஏன் இல்லை என்று 1971இல் கேட்ட லிண்டா நோக்லின், திறமைக் குறைவு என்ற பதிலைத் தள்ளிவிட்டு இந்த மூடிய கதவுகளைத்தான் சுட்டிக்காட்டினார். உடலைப் பார்த்து வரையப் பழகாமல் பெரிய ஓவியங்களுக்குள் போக முடியாது என்று இருந்த காலத்தில், பார்ப்பதற்கே பெண்ணுக்குத் தடை.

நம் பக்கத்திலும் ஒருத்தி இருந்தாள். டி.கே. பத்மினி, பொன்னானிப் பக்கமிருந்து 1960களில் சென்னைக்கு வந்து, கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த இதே கல்லூரியில் படித்தவர். பெண்ணுடலை ஒரு பெண்ணாகப் பார்த்து வரைந்தார். 1969இல் பிரசவத்தில் இறந்தார். அப்போது இளம் வயதுதான். அவரைப் பற்றி நான் அறிந்தது நாற்பது வயதுக்கு அப்புறம்தான்.

என் மாணவி தேர்வெழுதி, இடம் கிடைத்து, வாணியம்பாடியில் ரயிலேறிப் போனாள். அவ்வப்போது போன் செய்வாள். முதலில் பானையும் துணி மடிப்பும்தான், நான் சொன்ன பொய்க்குத் துணைநிற்பதுபோல. பிறகு தலை, கை, கால். மூன்றாம் ஆண்டுப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள், "வீட்டுக்கு வாங்க மேடம். நோட்ட அம்மாகிட்டக் காட்டப்போறேன்" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் போனேன்.

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டார். ஐம்பது வயதுப் பெண் ஒருவர், உடலில் துணியில்லை. சரிந்த வயிறு, பிரசவத் தழும்பு, ஒரு காலில் பாரம் தாங்கி நின்றதால் புடைத்த கெண்டைக்கால். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவ்ளோ நேரம் இப்பிடியே நின்னாங்க?"

"காலையிலேருந்தும்மா. நடுநடுவுல உக்காருவாங்க."

"கால் வலிக்காதா?"

"வலிக்கும். முடிஞ்சதும் அவங்களே தேச்சுவிட்டுக்குவாங்க."

"நாள்கூலியா?"

"ஆமாம்மா."

அம்மா அந்தக் கெண்டைக்காலை மறுபடி பார்த்தார். "களையெடுத்துட்டு வந்தா எனக்கும் இங்கதான் பிடிச்சுக்கும்" என்று தன் காலைத் தொட்டுக் காட்டினார். நான் எதையெல்லாம் மறைக்க நினைத்தேனோ அது எதுவும் அவர் கண்ணில் படவில்லை. தன்னைப்போல் கூலிக்கு நிற்கும் ஒருத்திதான் தெரிந்தாள். அவள் மகள் அந்த வலியையும் சேர்த்தே வரைந்திருந்தாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேம்மா" என்றேன்.

"தெரியும் டீச்சரம்மா. கீழ பாத்துக்கிட்டே இல்ல சொன்னீங்க" என்று சிரித்தார். "பொண்ணு போவணும்னு எனக்கும் இருந்துச்சு. அதான் மேல கேக்கல."

இந்த மலையில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதில் பார்க்க எங்கிருந்தெல்லாமோ அறிஞர்கள் வருகிறார்கள். இதே ஊரில் பெண்பிள்ளைகளுக்கு நாம் முதலில் சொல்லித்தருவது, எனக்கும் சொல்லித்தந்தது, தலையைக் குனிந்து நட என்பதுதான். ஓவியக் கல்லூரி அந்தப் பெண்ணுக்கு நிமிர்ந்து, நேரமெடுத்து, கூசாமல் பார்க்கச் சொல்லித்தந்திருக்கிறது. நான் முனைவர் பட்டம் வரை படித்தும் அது வராமல் திண்ணையைப் பார்த்துப் பேசியவள்.

கிளம்பும்போது அம்மா மகளிடம் கேட்டார்: "என்னிய எப்போ போடுவே?"

"நீ சும்மா உக்காரு, இப்பவே போடுறேன்" என்றாள்.

"சும்மா எங்க உக்கார்றது" என்றபடி அம்மா முறத்தை எடுத்துக்கொண்டார். அவள் நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பினாள்.